7 சதவீதம், 12 சதவீதத்தை விட அதிகமாகும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கடன் ஒப்பீட்டு அட்டவணையில், 7 சதவீத ஃபிளாட் வட்டிக் கடன் முதல் வரியிலும் 12 சதவீத குறையும் நிலுவை வட்டிக் கடன் கடைசி வரியிலும் இருந்தன. ஃபிளாட் என்றால் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி; குறையும் நிலுவை என்றால் அந்தந்த மாதம் மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி. மலிவானது மேலே, விலை கூடியது கீழே என்று தலைப்பு சொன்னது. அந்த இரண்டு வரிகளும் இடம் மாறியிருக்க வேண்டும்.

ஒரு லட்சம் கடன், 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட் 7 சதவீதத்தில் வருடத்துக்கு 7,000 வீதம் இரண்டு வருட வட்டி 14,000. அசலோடு கூட்டி 24 ஆல் வகுத்தால் மாதத் தவணை 4,750. அதே ஒரு லட்சத்தைக் குறையும் நிலுவை முறையில் 12 சதவீதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 4,707. மொத்த வட்டி 12,976. ஐந்து சதவீதப் புள்ளி குறைவாகத் தெரிந்த கடனுக்குத்தான் ஆயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது. குறையும் நிலுவைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் அந்த 7 சதவீதத்தின் உண்மையான ஆண்டு வட்டி 12.9.

காரணம் எளிது. ஃபிளாட் முறையில் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடுகிறது. ஒவ்வொரு தவணையிலும் அசலில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம் என்பதை அந்தக் கணக்கு கண்டுகொள்வதே இல்லை. 12 சதவீத ஃபிளாட் என்றால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு லட்சத்துக்கு 24 மாதம், தவணை 5,167. அதில் அசல் 4,167, வட்டி 1,000. கடைசி மாதம் கடன் வாங்கியவரிடம் மிஞ்சியிருப்பது அந்த 4,167 மட்டும்தான். அதற்கும் ஒரு மாத வட்டி 1,000! சராசரியாகப் பார்த்தால் இரண்டு வருடமும் அவர் கையில் இருந்தது ஏறத்தாழ 52,000 அசல். வருடந்தோறும் கட்டிய வட்டியோ 12,000. இது கைக்கணக்கு. துல்லியமாகப் போட்டால் ஆண்டு வட்டி 21.57 சதவீதம் வருகிறது.

காகிதமும் கால்குலேட்டரும் இல்லாத இடத்தில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஃபிளாட் விகிதத்தை 1.8 ஆல் பெருக்குங்கள். ஒரு வருடக் கடனுக்கும் இரண்டு வருடக் கடனுக்கும் விடை ஏறக்குறைய சரியாக இருக்கும். காலம் நீளும்போது பெருக்கும் எண் கொஞ்சம் இறங்கும்: 12 சதவீத ஃபிளாட்டில் ஐந்து வருடக் கடன் என்றால் உண்மை வட்டி 20.3, அதாவது 1.7 மடங்கு. சிலர் இரண்டால் பெருக்கச் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. ஆனாலும் ஏமாறாமல் இருக்க மிகையாகக் கணிப்பதில் பெரிய தவறில்லை.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ஃபிளாட் வேறு, ஃபிக்ஸ்டு வேறு. ஃபிக்ஸ்டு என்றால் கடன் காலம் முழுவதும் விகிதம் மாறாது என்று மட்டுமே பொருள். அந்த விகிதம் குறையும் நிலுவைக்கும் போடப்படலாம், முழு அசலுக்கும் போடப்படலாம். 'வட்டி மாறாது சார், நிலையான வட்டி' என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லும்போது அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 'முதல் தவணையில் வட்டி எவ்வளவு, கடைசித் தவணையில் வட்டி எவ்வளவு?' இரண்டும் ஒன்றாக இருந்தால் அது ஃபிளாட்.

வட்டி விகிதம் பாதிக் கதைதான். மீதிப் பாதி கைக்கு வரும் தொகையில் ஒளிந்திருக்கிறது. மேலே சொன்ன 12 சதவீத ஃபிளாட் கடனில் செயலாக்கக் கட்டணம் 2,000, காப்பீடு, ஆவணச் செலவு என்று இன்னொரு 1,000 பிடித்துக்கொண்டால் கையில் வருவது 97,000. தவணையோ ஒரு லட்சத்துக்கு உரியதே. உண்மை வட்டி 24.8 சதவீதத்துக்குப் போய்விடும். இன்னொரு தந்திரம், முதல் தவணையை அன்றைக்கே பிடித்துக்கொள்வது. வேறு எந்தக் கட்டணமும் இல்லாமல் இந்த ஒரு பிடித்தத்தால் மட்டுமே 21.57 என்பது 23.6 ஆகிறது. 'எப்படியும் கட்ட வேண்டிய தவணைதானே' என்று தோன்றும். ஆனால் ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத 5,167க்கு இரண்டு வருட வட்டி போட்டு வாங்குகிறார்கள் என்பதுதான் அதன் பொருள்.

இதையெல்லாம் சரிபார்க்கக் கணிதப் பட்டம் தேவையில்லை. கைப்பேசியில் இருக்கும் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். 'ரேட்' (RATE) என்று ஒரு சூத்திரம் உண்டு. அதற்கு மூன்று எண்களை இந்த வரிசையில் கொடுக்க வேண்டும்: தவணைகளின் எண்ணிக்கை, மாதத் தவணை, கைக்கு வந்த தொகை. நம் உதாரணத்தில் 24, கழித்தல் 5166.67, 97000. வரும் விடை ஒரு மாத வட்டி. 12 ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி.

பலருக்கும் தவறுவது நான்கு இடங்களில். தவணைக்கு முன்னால் கழித்தல் குறி போட மறந்தால் விடைக்குப் பதில் பிழைச் செய்தி வரும். பணம் உள்ளே வருவதும் வெளியே போவதும் எதிரெதிர்க் குறியில் இருக்க வேண்டும் என்பது அந்தச் சூத்திரத்தின் விதி. அடுத்தது, எக்செல் விடையை வெறும் '2%' என்று முழு எண்ணாக்கிக் காட்டும். அதை நம்பிப் பன்னிரண்டால் பெருக்கி 24 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தசம இடங்களைக் கூட்டிப் பார்த்தால் 2.07 என்று தெரியும். மூன்றாவதுதான் முக்கியம்: மூன்றாம் எண்ணாக ஒப்பந்தத்தில் எழுதிய கடன் தொகையைப் போடாமல் கணக்கில் வந்து விழுந்த தொகையைப் போட வேண்டும். கடைசியாக, முதல் தவணையை முன்கூட்டியே பிடித்திருந்தால் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து 23 என்று கொடுக்க வேண்டும்.

'வட்டியே இல்லை' என்று சொல்லும் பொருள் தவணைகளையும் இதே சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். 60,000 விலையுள்ள பொருள், மாதம் 5,000 வீதம் 12 தவணை, வட்டி பூஜ்யம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரொக்கமாக வாங்குபவருக்கு 4,000 தள்ளுபடி உண்டு, தவணைக்காரருக்கு இல்லை. அதோடு 1,000 செயலாக்கக் கட்டணம். ஆக, உண்மையில் அவருக்குக் கிடைத்த கடன் 55,000தான். அதற்கு 12 முறை 5,000 கட்டுகிறார். ஆண்டு வட்டி 16.4 சதவீதம். பொருளின் விலையிலேயே வட்டியைப் புதைத்துவிட்டால் வட்டிக் கட்டத்தில் பூஜ்யம் எழுதுவது சுலபம். 'ரொக்கம் கொடுத்தால் என்ன விலை?' என்று கேட்காமல் தவணைத் திட்டத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

குறுகிய காலக் கடன் செயலிகளின் கணக்கு இதைவிடக் கொடுமையானது, ஆனால் விளக்கம் சின்னது. 10,000 கடன் என்று சொல்லி 3,000 கட்டணம் கழித்து 7,000 தந்து, ஏழு நாளில் 10,000 கேட்டால், வாரத்துக்கு 42.9 சதவீதம். கூட்டு வட்டி சேர்க்காமலே ஆண்டுக்கு 2,200 சதவீதத்தைத் தாண்டும்.

கடனை முன்கூட்டியே அடைக்கப் போகும்போதுதான் ஃபிளாட் கணக்கின் முழு முகமும் தெரியும். அதே 12 சதவீத ஃபிளாட், 24 மாதக் கடன். பன்னிரண்டு தவணை ஒழுங்காகக் கட்டியாகிவிட்டது. 'பாதி முடிந்தது, பாக்கி 50,000' என்று கடன் வாங்கியவர் நினைப்பார். உண்மையான வட்டி விகிதப்படி பாக்கி அசல் 55,325. வட்டித் தள்ளுபடியே தர முடியாது என்று நிறுவனம் சொன்னால் மீதமுள்ள பன்னிரண்டு தவணையும் சேர்த்து 62,000. அதாவது இனிப் பயன்படுத்தப்போவதில்லாத பணத்துக்கு ஒரு வருட வட்டி. இந்த மூன்று எண்களில் எது பொருந்தும் என்பது ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு பத்தியைப் பொறுத்தது. அதைக் கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும், அடைக்கப் போகும் நாளில் படித்துப் பயனில்லை.

இடையில் '78 விதி' என்று ஒன்றும் இருக்கிறது. 1 முதல் 12 வரை கூட்டினால் 78 வரும். ஒரு வருடக் கடனில் மொத்த வட்டியை 78 பங்காக்கி, முதல் மாதம் 12 பங்கு, இரண்டாம் மாதம் 11 பங்கு என்று முன்னாலேயே அதிகம் எடுத்துக்கொள்ளும் முறை. 24 மாதக் கடனுக்கு மொத்தம் 300 பங்கு. முதல் வருடத்திலேயே 222 பங்கு, அதாவது 74 சதவீத வட்டி, வசூலானதாகக் கணக்கு. நம் உதாரணத்தில் பாக்கி 55,760 ஆகும். உண்மையான விகிதப்படி வந்த 55,325க்கும் இதற்கும் வித்தியாசம் 435தான், பெரிதாகத் தெரியாது. கடன் காலமும் வட்டி விகிதமும் கூடக் கூட இந்த இடைவெளி வேகமாக விரியும். அமெரிக்கா 1992இல் 61 மாதங்களுக்கு மேற்பட்ட கடன்களுக்கு இந்த விதியைச் சட்டத்தால் தடை செய்தது. பிரிட்டன் 2004இல் கொண்டுவந்த விதிமுறைகளால் அதைக் கைவிட்டது.

ஃபிளாட் முறைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சொல்வது, 'அது சாமானியருக்குப் புரியும்' என்பது. புரிவது உண்மைதான்: அசல், விகிதம், வருடம் மூன்றையும் பெருக்கினால் வட்டி. ஆனால் அது புரியவைப்பது மொத்த வட்டித் தொகையை மட்டும்; இரண்டு கடன்களில் எது மலிவு என்று அது சொல்வதில்லை. மொத்த வட்டித் தொகையும் தனியாக நின்றால் ஏமாற்றும். 12 சதவீத குறையும் நிலுவையில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மொத்த வட்டி 33,467. 12 சதவீத ஃபிளாட்டில் இரண்டு வருடத்துக்கு 24,000. இரண்டாவதில் கட்டும் தொகை குறைவு, ஆனாலும் அதுதான் விலை கூடிய கடன். பணத்தை எவ்வளவு காலம் வைத்திருந்தோம் என்பது கணக்கில் வராத எந்த எண்ணும் கடனின் விலையைச் சொல்லாது.

அந்த விலையைச் சொல்வதற்கென்றே, வட்டியையும் கட்டணங்களையும் சேர்த்து ஒரே ஆண்டு விகிதமாகக் காட்டும் ஆண்டுச் சதவீத விகிதம் (APR) என்ற அளவை இருக்கிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு கடன் வெளிப்படைத்தன்மைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. விளம்பரத்தில் வட்டி விகிதம் போட்டால் அதை இந்த அளவையில்தான் போட வேண்டும் என்பது அங்குள்ள விதி. இந்தியாவில் 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களின் காலக் கடன்களுக்கும் முக்கிய விவரச் சீட்டு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. ஆண்டுச் சதவீத விகிதமும் தவணை வாரியான அட்டவணையும் அதில் இருக்க வேண்டும். மற்ற நிறுவனங்களுக்காக வசூலிக்கும் காப்பீடு, சட்டச் செலவு போன்றவையும் அந்த விகிதத்துக்குள் அடங்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் சீட்டு கைக்கு வருவது கடன் ஏறக்குறைய முடிவாகும் நேரத்தில். மனிதர் மனதை முடிவு செய்வது விளம்பரத்தைப் பார்த்த நாளில். ஃபிளாட் விகிதத்தை 'வட்டி' என்ற பெயரில் அச்சிடவே கூடாது, போட்டால் அதே எழுத்தளவில் ஆண்டுச் சதவீத விகிதமும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற விதி வந்தால்தான் இந்த ஏமாற்றுக்கான பாதை அடைபடும்.

இந்த அளவையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்க முறையில் மாத வட்டியை 12 ஆல் பெருக்கிச் சொல்கிறார்கள். ஐரோப்பிய முறையில் மாதந்தோறும் கூட்டு வட்டி சேர்த்துச் சொல்கிறார்கள். மேலே சொன்ன 12 சதவீத ஃபிளாட், 24 மாதக் கடன் ஒரு முறையில் 21.57, மறு முறையில் 23.84. இரண்டும் சரி, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதுதான் தவறு.

தங்கள் அட்டவணையைத் திருத்தி வெளியிடும்போது வட்டி விகிதம் என்ற ஒற்றைக் கட்டத்துக்குப் பதில் நான்கு கட்டங்கள் இருக்கட்டும்: ஒரு லட்சத்துக்குக் கைக்கு வரும் தொகை, மாதத் தவணை, தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டுச் சதவீத விகிதம். முதல் மூன்றும் இருந்தால் நான்காவதை வாசகரே சரிபார்த்துக்கொள்வார். முன்கூட்டியே அடைத்தால் வட்டித் தள்ளுபடி உண்டா என்பதற்கு ஐந்தாவதாக ஒரு சிறு கட்டம் சேர்க்க இடமிருந்தால் இன்னும் நல்லது. கடன் விளம்பரங்களை ஏற்கும் பிரிவுக்கும் இந்த நகலை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். செய்திப் பக்கத்தில் திருத்தம் வெளியான நாளிலேயே பின்பக்கத்தில் 'வெறும் 7 சதவீதம்' என்று அரைப்பக்க விளம்பரம் வந்தால் திருத்தத்தை யார் நம்புவார்கள்?

இப்படிக்கு,
தங்கள் வாசகர்