ஆம்னிக்குள் ஒரு கட்டில்

காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

அன்புள்ள சம்பத்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பேத்திக்குக் காது குத்திய விஷயத்தைப் படித்துவிட்டு சரோஜா போட்டோ எங்கே என்று கேட்டாள். அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்பு. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. இங்கே எல்லோரும் நலம். தம்பி மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், தென்பெண்ணை நிறைந்து போகிறது.

"இந்த வயதில் வேனை எதற்குக் குடைந்துகொண்டிருக்கிறாய்" என்று கேட்டிருந்தாய். சரோஜாவுக்குத் தரையில் உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. போன வருஷம் குலதெய்வம் கோயிலில் ராத்திரி மண்டபத்தில் படுத்தோம். காலையில் நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் அவளைத் தூக்கி நிறுத்தினோம். அன்றிலிருந்து எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க" என்கிறாள். தீர்த்தமலைக்குக்கூட வரவில்லை. அவள் போக ஆசைப்படுகிற ஊர்களில் லாட்ஜும் கிடையாது. வாசலில் நிற்கிற மாருதி ஆம்னி வேனுக்குள் அவள் உட்கார்ந்து எழுகிற உயரத்தில் ஒரு கட்டில் போட்டால் போதுமே என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

வேலையை ஆரம்பிக்கும் முன் சட்டத்தை விசாரித்துக்கொண்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடுகிற மாதிரி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதனால் கூரையில் ஓட்டை இல்லை, வெல்டிங் இல்லை, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சீட் எதையும் கழற்றவில்லை. பின்சீட்டை மடக்கி, அதன் மேல் மூன்று துண்டாக வருகிற கட்டில். ஊர் திரும்பியதும் பத்து நிமிஷத்தில் இறக்கிவிடலாம். ஓடும்போது பலகைகளை லோடு பெல்ட் போட்டு இறுக்கிவிடுகிறேன். சடன் பிரேக் அடித்தால் அவிழ்ந்த பலகை நேராக நம் பிடரிக்குத்தான் வரும்.

இப்போது உனக்குத் தெரிய வேண்டிய விஷயம். தோப்பின் வடக்கு ஓரத்தில் நின்ற பெங்களூரா மாமரம் ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம் மே மாதக் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. அப்பா வைத்த மரம். விறகுக்குப் போட மனசு வரவில்லை. சாமில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து, கொட்டகையில் அடுக்கி, ஒரு வருஷம் காய வைத்தேன். கட்டில் முழுவதும் அந்தப் பலகையில்தான் என்று முடிவு செய்திருந்தேன். செய்தும் முடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அப்புறம் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் வண்டி திணறி இரண்டாவது கியருக்கு வந்துவிட்டது. 796 சி.சி. எஞ்சின் எவ்வளவுதான் இழுக்கும்? சந்தேகப்பட்டு மாங்காய் மண்டிப் பக்கத்து எடைமேடையில் ஏற்றினேன். காலி வண்டியை விட 190 கிலோ கூட! கட்டில், பெட்டிகள், இரண்டு தண்ணீர் கேன், வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழற்றி வைத்த பேட்டரி. அந்த பேட்டரி மட்டுமே 55 கிலோ. இதோடு தொப்பூர் கணவாயில் இறங்கினால் பிரேக் என்ன பாடுபடும் என்று நினைத்தபோது எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் இறக்கினேன். மாம்பலகைக்குப் பதில் 12 எம்.எம். பிளைவுட், அடியில் அலுமினிய பைப். தண்ணீர் 20 லிட்டர் கேன் ஒன்று மட்டும், அதுவும் நடுவில், இரண்டு சக்கரங்களுக்கு இடையில் வருகிற மாதிரி. பேட்டரிக்குத்தான் நிறைய கணக்குப் போட்டேன். 20 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 160 வாட் அவர். இரண்டு லைட், இரண்டு போன் சேர்த்தாலும் ஒரு ராத்திரிக்கு 230-க்குள் அடங்கிவிடுகிறது. 12.8 வோல்ட், 50 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரியில் 640 இருக்கிறது, இரண்டு ராத்திரி தாராளமாக ஓடும். தூக்கிப் பார்த்தால் ஆறு கிலோதான் இருக்கும். அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும், சார்ஜ் ஏறும்போது வாயுவும் விடும். படுக்கிற இடத்தில் அது வேண்டாம். இப்போது எடைமேடையில் கூடுதல் 85 கிலோ. ராயக்கோட்டை ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே போகிறது.

வயரிங்கில்தான் நீ வேண்டும். போன வாரம் ஃபேன் நின்று நின்று ஓடியது. வயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால், தகட்டு ஓட்டை வழியாக வருகிற இடத்தில் சிவப்பு ரப்பர் நகம் சீவினது மாதிரி உரிந்து, உள்ளே செம்பு மினுங்கியது. ஃபியூஸை நான் ஃபேன் பக்கத்தில் வைத்திருந்தேன். அந்தச் செம்பு தகட்டில் பட்டிருந்தால் ஃபியூஸ் போயிருக்காது, வயர்தான் எரிந்திருக்கும். இப்போது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே ஃபியூஸ் போட்டுவிட்டேன், ஓட்டைக்கும் ரப்பர் வளையம் வைத்தாயிற்று. ஆனாலும் வாழ்நாள் முழுக்க வண்டி வயரிங் பார்த்தவன் நீ ஒரு தடவை தொட்டுப் பார்த்தால்தான் சரோஜாவை அதில் தூங்க வைப்பேன். ஓடும்போது டைனமோவிலிருந்து இந்த பேட்டரிக்கு சார்ஜ் எடுக்க வேண்டும், எஞ்சின் பேட்டரி இறங்கவும் கூடாது. அதற்கு என்ன வைக்கலாம் என்று யோசித்து வை.

சமையல் வெளியில்தான். பின்கதவு மேலே தூக்கினால் நிழலாக நிற்கிறது, அதன் கீழே ஸ்டூல் போட்டு அடுப்பு. கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். மூடின வண்டிக்குள் அடுப்பு எரித்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. மழை வந்தால் அன்றைக்குப் பன்னும் பழமும் சாப்பிட்டுக்கொள்ளலாம். தூங்கும்போது இரண்டு பக்கக் கண்ணாடியும் இரண்டு விரக்கடை திறந்திருக்க வேண்டும், கொசுவலையைக் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் உள்ளே அனல் அடிக்கிறது. அதுவரை வெளியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கார்த்திகை தீபம் முடிந்ததும் கிளம்பலாம் என்று இருக்கிறோம். முதல் ராத்திரி தளிப் பக்கம் பெரிய மச்சான் தோட்டத்தில். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ரோட்டைப் பகலிலேயே தாண்டிவிடுவோம், யானை நடமாடும் காடு, அங்கே நிறுத்திப் படுக்கிற பேச்சே இல்லை. அங்கிருந்து ஒகேனக்கல், பிறகு தீர்த்தமலை. நீ நான்கு நாள் முன்னதாக வந்துவிடு. மல்டிமீட்டரும் அந்தப் பழைய கிரிம்பிங் பிளையரும் எடுத்து வா. இங்கே கட்டிலில் நீட்டிப் படுக்க எனக்கு இடம் போதும், நீ ஆறடி, குறுக்கு வாட்டமாகப் படுத்துப் பார்த்துச் சொல்.

மாம்பலகையில் ஒன்றை மட்டும் வண்டியில் வைத்திருக்கிறேன், மடக்கு மேஜையாக. மூன்று கிலோ, அது இருக்கட்டும். சாமில்லில் அறுக்கும்போது அதில் ரம்பம் ஆணியில் பட்டு ஒரு பல் போய்விட்டது, அதற்கும் காசு கொடுத்தேன். எட்டாவது படிக்கும்போது நாம் ஊஞ்சல் கட்ட அடித்தோமே, அந்த ஆணி. மரம் அதைச் சுற்றி வளர்ந்து உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பாகக் கறை. மேஜையை இழைத்து வார்னிஷ் அடித்துவிட்டேன், ஆணி இருக்கிற இடத்தை மட்டும் தொடவில்லை. நீ வந்து பார்.

அன்புடன்,
கோவிந்தன்