சங்கீதம் 69-ஐ என் கையில் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எங்கள் தெருவாருக்கும், வள்ளத்தோடு வந்த அண்ணன்மாருக்கும், சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 18 விடியும் முன் ஏரலில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, அம்மாவின் மாத்திரைப் பையையும் வேதாகமத்தையும் மட்டும்தான் என்னால் எடுக்க முடிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்பதெல்லாம் பிறகு தெரிந்த கணக்கு. அப்போது எங்கள் காதில் விழுந்தது தாமிரபரணியின் இரைச்சல் மட்டும். எதிர்வீட்டு அண்ணாச்சி, நடக்க முடியாத அம்மாவை நாற்காலியோடு தூக்கி உங்கள் மாடிக்குக் கொண்டுபோனீர்கள். உங்களுக்கே நெஞ்சுமட்டும் தண்ணீர்.

மாடியில் பதினாறு பேர் இருந்தோம். கரண்ட் இல்லை, போன் இல்லை. மதினி, இருந்த அரிசியில் கஞ்சி வைத்து முதலில் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஊற்றினீர்கள். நீங்கள் குடித்ததை நான் பார்க்கவே இல்லை.

அன்று இரவு பெரியம்மா ஏசாயா 43-ஐச் சொன்னார். "நீ ஆறுகளைக் கடக்கும்போது, அவைகள் உன்மேல் புரளுவதில்லை." ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம்தான். ஆனால் எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. எட்டு வருஷம் பாடுபட்டுச் சேர்த்த தையல் கடை, ஐந்து மெஷின், கிறிஸ்துமஸுக்குத் தைக்க ஊரார் கொடுத்த துணி, எல்லாவற்றின் மேலும் ஆறு புரண்டுகொண்டுதானே இருந்தது! அழுதுகொண்டே அதைச் சொல்லிவிட்டேன்.

பெரியம்மா, நீங்கள் கடிந்துகொள்ளவில்லை. "சரி, அப்போ இதை வாசி" என்று 69-ஆம் சங்கீதத்தை எடுத்துத் தந்து டார்ச்சைப் பிடித்தீர்கள். "ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை." கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு போயிற்று என்று அடுத்த வசனம். தேவனிடம் முறையிட்டால் அவிசுவாசம் ஆகிவிடுமோ என்று நான் அடக்கி வைத்ததை, தாவீது வெளிப்படையாகவே அவரிடம் கொட்டியிருக்கிறார். அதுவும் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்புறம்தான் எனக்கு ஜெபம் வந்தது. அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது. அதுவரை வாசிக்க அன்று தெம்பில்லை, பாதியில் மூடினேன். நீங்களும் அவசரப்படுத்தவில்லை. அதற்காகவே உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

தண்ணீர் வடிந்த பிறகு கடைக்குள் முழங்கால் அளவு சேறு. உளை என்ற சொல்லை அன்றைக்குத்தான் காலால் அறிந்தேன். மண்வெட்டியோடு வந்து மூன்று நாள் வாரிப்போட்ட வாலிபர் சங்கத்துத் தம்பிகளே, பள்ளிவாசலில் சோறு பொங்கி எங்கள் தெருவுக்கும் கொண்டுவந்த பாய்மாரே, மெஷின்களைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி மூன்றை ஓட வைத்த மெக்கானிக் அண்ணே, உங்களை மறக்க மாட்டேன்.

துணி கொடுத்திருந்த அக்காமாரிடம் எப்படி முகம் கொடுப்பது என்று பயந்துகொண்டிருந்தேன். ஒருவர்கூட ஈடு கேட்கவில்லை. ஓர் அக்கா, கறை போகாத தன் மகளுடைய பாவாடைத் துணியைத் துவைத்து எடுத்துவந்து, "இதையே தைச்சுத் தா, பிள்ளை போட்டுக்கிடும்" என்றார். மெஷினில் நான் மறுபடி தைத்த முதல் துணி அதுதான். அன்று ராத்திரி சங்கீதத்தைக் கடைசிவரை வாசித்தேன். "கர்த்தர் எளியவர்களின் விண்ணப்பத்தைக் கேட்கிறார்" என்ற வசனம் வந்ததும் அம்மா சத்தமாக ஆமென் என்றார். நானும் சொன்னேன்.

வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களைக் கரை சேர்த்த அண்ணன்மாரே, உங்கள் பேர்கூட நான் கேட்கவில்லை. நீட்டிய பணத்தையும் நீங்கள் வாங்கவில்லை. ஏரல் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள். ஆளுக்கொரு சட்டை தைத்துத் தருகிறேன்; நானும் கூலி வாங்க மாட்டேன்.

உங்கள் அன்புச் சகோதரி,
ஏரல்