பதினொரு வரைவுகளும் ஒரு மின்னஞ்சலும்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாயே, உன் பேக்கேஜிங் தொழிலைப் பற்றி எழுதி முடித்த 11 கட்டுரைகள் ஏழு மாதமாக லேப்டாப்பில் அப்படியே கிடக்கின்றன, ஒன்றைக்கூட வெளியிட மனசு வரவில்லை என்று. நான் அதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. "பயப்படாதே, போட்டுவிடு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். பயத்தில் இருப்பவரிடம் பயப்படாதே என்று சொல்லி என்ன பிரயோஜனம்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்ன ஒரு வரி மனசிலேயே நிற்கிறது. "முகம் தெரியாத யாரோ படித்தால் பரவாயில்லை அப்பா. இதைப் படிக்கப்போவது என் பழைய மேனேஜரும் என் வாடிக்கையாளர்களும்" என்றாய். நியாயமான பயம்தான் அது. தொழிலில் இருப்பவர்களுக்கு எழுதும்போது படிக்கிறவருக்கு உன் துறை தெரியும், தப்பு இருந்தால் கண்ணில் படும், நாளைக்கு அதே ஆளிடம்தான் நீ கொட்டேஷன் கொடுக்கவேண்டும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது, உனக்குச் சொன்னதில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எங்கள் துறை மாத இதழ் ஒன்றில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் இயந்திரத்தின் பராமரிப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நாலு மாதம் அடித்துத் திருத்தி எழுதியது. இதழ் கைக்கு வந்த அன்று பார்த்தால், காற்றழுத்தம் 7 பார் என்று இருக்கவேண்டிய இடத்தில் 7 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. இரண்டும் அழுத்தத்தை அளக்கும் அலகுகள், ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. எவ்வளவு பெரிய தப்பு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். அச்சகத்தாரைக் குறை சொல்லவும் முடியாது, என் கைப்பிரதியிலேயே அப்படித்தான் இருந்தது. இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. வேலைக்குப் போனால், எதிரே வருகிற எல்லாரும் அந்த வரியைப் படித்துவிட்டு வருவதுபோலவே இருந்தது.

வந்தது ஒரே ஒரு கடிதம். வேறொரு ஆலையின் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அலகு மாறிவிட்டது, கவனிக்கவும் என்று முதல் வரி. அடுத்த வரியில், காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டால் மின்செலவு எப்படி ஏறும் என்று நான் எழுதியிருந்த பகுதியை வெட்டித் தங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொல்லியிருந்தார். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டார்கள், அவ்வளவுதான். கூட வேலை பார்த்தவர்களிடம் நானே போய்க் கேட்டேன். கட்டுரையைப் படித்திருந்தவர்கள் மூன்று பேர். அந்தத் தப்பு ஒருவர் கண்ணிலும் படவில்லை. வரி விடாமல் படித்தவர் அந்தக் கடிதக்காரர் ஒருவர்தான், சுவரில் ஒட்டிவைத்தவரும் அவர்தான்.

நம்மை எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற இந்த எண்ணத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு, 2000-இல் வெளியானது. பாரி மனிலோ என்ற பாடகரின் முகம் போட்ட டீ-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். போட்டுக்கொண்டவர்களுக்கு ஒரே கூச்சம். அறையில் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்கூட இல்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சலைக் காட்டினாய். உன் வாடிக்கையாளர் ஒருவரின் குடோனில் கீழ் அடுக்குப் பெட்டிகள் நசுங்கிப்போகின்றன, இன்னும் தடிமனான அட்டை வேண்டும் என்று கேட்டிருந்தார். நீ எழுதிய பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அட்டையை மாற்றவேண்டாம், அடுக்கும் முறையை மாற்றிப் பாருங்கள் என்று தொடங்கியிருந்தாய். அட்டைப்பெட்டி சுமையைத் தாங்குவது பெரும்பாலும் அதன் மூலைகளில்தான்; சுவர் கட்டும்போது செங்கல் வைப்பதுபோல மாற்றி மாற்றி அடுக்கினால், மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் பலமில்லாத இடத்தில் உட்காருகிறது; மூலைக்கு மேல் மூலை வரும்படி நேராக அடுக்குங்கள், சரியாமல் இருக்கச் சுற்றிலும் பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றுங்கள்; காற்றில் ஈரம் கூடினால் அட்டை தளரும், அந்த நாட்களில் உயரத்தைக் குறையுங்கள். இவ்வளவுதான். இருபது நிமிடத்தில் எழுதி அனுப்பினேன் என்றாய். எத்தனையோ வருஷம் ஆலைகளிலேயே இருந்தவன் நான், மாற்றி அடுக்கினால்தான் உறுதி என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

அதே விஷயத்தைத்தான் உன் வரைவுகளில் ஒன்றிலும் எழுதியிருக்கிறாய். நீ அனுப்பியதை நேற்று மறுபடி படித்தேன். "வேகமாக மாறிவரும் இன்றைய வணிகச் சூழலில்" என்று ஆரம்பிக்கிறது. நாலாவது பத்தியில்தான் பெட்டி வருகிறது. மூலை என்ற சொல்லே இல்லை, "கட்டமைப்பு வலிமை" என்று இருக்கிறது. மின்னஞ்சல் எழுதும்போது உன் கண் நசுங்கின பெட்டிமேல் இருந்திருக்கிறது. கட்டுரை எழுதும்போது உன்மேலேயே இருந்திருக்கிறது, பழைய மேனேஜர் என்ன நினைப்பார் என்று. பயம் வந்தால் வாக்கியம் விறைத்துப்போகிறது, அப்புறம் அதைப் படித்துப் பார்க்கிற உனக்கே பிடிக்காமல் போகிறது. இந்த ஏழு மாதமும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

"இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே அப்பா" என்றும் சொன்னாய். 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்டவேண்டும், எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்கவேண்டும். பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டினவர்கள் நினைத்தார்கள். மொத்தம் 120 பாட்டுகளில் 3-ஐத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. நேற்று அம்மாவை உட்காரவைத்து நானும் தட்டிப் பார்த்தேன். எனக்குள் பாட்டு முழுசாக ஓடுகிறது, அவள் காதில் டொக் டொக் என்ற சத்தம் மட்டும். பெட்டியின் மூலை உனக்கு அப்படித்தான். உனக்குள் ஓடிக்கொண்டே இருப்பதால் எல்லாருக்கும் கேட்கிறது என்று நினைக்கிறாய்.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் செய்ததை நீயும் செய்து பார்க்கலாம். சின்ன வயதில் கூட்டத்தின் முன்னால் பேசவே பயந்து, அதற்கென்று பயிற்சி வகுப்பில் சேர்ந்தவர் அவர். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் எளிய ஆங்கிலத்தில் எழுதுவது பற்றி 1998-இல் ஒரு கையேடு போட்டது. அதன் முன்னுரையில், பங்குதாரர்களுக்கு ஆண்டறிக்கை எழுதும்போது தன் சகோதரிகளோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதுவதாக அவர் சொல்லியிருந்தார். இருவரும் கெட்டிக்காரர்கள், ஆனால் கணக்கியல் நிபுணர்கள் இல்லை என்றும் எழுதியிருந்தார். உனக்குக் கற்பனைகூட வேண்டாம், அந்த மின்னஞ்சலைக் கேட்டு வாங்கினவர் இருக்கிறாரே. ஒவ்வொரு வரைவின் தலையிலும் யார் கேட்டது, என்ன கேட்டார் என்று ஒரு வரி எழுதிக்கொள். கேள்வி கேட்ட ஆளே இல்லாத வரைவு இருந்தால் தூக்கிப் போட்டுவிடு. பதினொன்றில் நாலைந்து அப்படிப் போகும் என்று எனக்குத் தோன்றுகிறது, போகட்டும்.

எல்லாப் பயத்தையும் விடச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் பெயரும் அவர் குடோன் படமும் அனுமதி இல்லாமல் வரக்கூடாது. பெயரை எடுத்துவிட்டாலும் இன்னார்தான் என்று தெரிகிற மாதிரி இருந்தால் கேட்டுவிட்டுப் போடு. எண்களையும் அலகுகளையும் ஒருமுறை காகிதத்தில் எடுத்துச் சரிபார், இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. தப்பு வந்துவிட்டால் சத்தமில்லாமல் அழிக்காதே, எது மாறியது என்று அங்கேயே எழுதிவை. போட்டியாளர்கள் எடுத்துக்கொள்வார்களே என்று இவ்வளவு யோசிக்கவேண்டாம். கலப்பை செய்து விற்ற ஜான் டீர் நிறுவனம் விவசாயிகளுக்காக 1895-லேயே ஓர் இதழ் தொடங்கி, தொழிலில் தங்களுக்குத் தெரிந்த விஷயங்களைச் சொல்லிக்கொண்டே வந்தது. விற்பனை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

வெளியிட்ட பிறகு சில நாள் ஒரு சத்தமும் இருக்காது. அதற்கும் தயாராக இரு. பொறுப்பில் இருப்பவர்கள் படித்தேன் என்று காட்டிக்கொள்ளமாட்டார்கள், எப்போதாவது மீட்டிங்கில் "நீங்கள்தானே அதை எழுதியது" என்பார்கள்.

அந்த மின்னஞ்சலில் வாடிக்கையாளர் பெயரை எடுத்துவிட்டு அப்படியே எனக்கு அனுப்பு. "கட்டமைப்பு வலிமை" எல்லாம் சேர்க்காதே. எனக்கு எங்கே புரியவில்லையோ அங்கே கோடு போட்டு வியாழக்கிழமைக்குள் திருப்பி அனுப்புகிறேன். அம்மாவும் படிக்கிறேன் என்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் நீ அதை வெளியிடும்போது போன் பண்ணு, பட்டனை அழுத்துகிறவரை நான் லைனில் இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா