ஆடி அமாவாசைக்கு ஏன் வர முடியாது, அக்கா

ஈஸ்ட் ஹாம், லண்டன்
2024 ஜூன் 9, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் குரல்பதிவை நேற்று இரவு மூன்று தடவை கேட்டேன். "ஏழு வருடமாகப் பேத்தியை அம்மாவின் கண்ணில் காட்டவில்லை, இப்போது அவளை ஆராய்ச்சிக்கும் கொடுத்துவிட்டாயா?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோபத்தில் பாதிக்கு மேல் பாசம்தான் என்று தெரியும். ஆனாலும் தொலைபேசியில் பேசப் போனால் எனக்கு அழுகைதான் வரும். அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு ஆறுதலாக வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் கதை. அமாவாசையன்று நிலானியைத் தீர்த்தக் குளத்தில் முழுக்காட்டுவதாக அம்மா நேர்ந்திருக்கிறார். அந்த நேர்த்தியை நான் மறக்கவில்லை. ஆனால் இவளுக்கு இருப்பது டிராவே நோய். 1978ஆம் ஆண்டில் பிரான்ஸைச் சேர்ந்த சார்லட் டிராவே என்ற வைத்தியர் தனியாக அடையாளம் கண்டு எழுதிய வலிப்பு நோய் இது. உடம்பு சூடேறினாலே இந்தப் பிள்ளைகளுக்கு வலிப்பு வந்துவிடும். காய்ச்சல் வேண்டும் என்றில்லை, வெந்நீரில் குளித்தாலும் போதும், வெயிலில் ஓடி விளையாடினாலும் போதும். இந்த ஊரிலேயே கோடையில் கொஞ்சம் வெயில் ஏறினால் அவளுடைய சட்டையை நனைத்துப் போட்டுவிடுவேன். ஆடி மாத வெயிலில், அந்தச் சனக்கூட்டத்துக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு நிற்க எனக்குத் துணிவில்லை, அக்கா.

எங்கள் வீடு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மேல்மாடியில் இரண்டு அறை. மார்கழியில் பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிடும். இவர் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை. நான் பாடசாலைச் சமையலறையில் அரைநாள் வேலை. இரவில் நிலானியின் கட்டிலுக்கு அருகே பாய் விரித்துப் படுப்பேன். வலிப்பு வருவதற்குச் சற்று முன் அவளுடைய மூச்சு மாறும், ஒரு சிறு விக்கல் போல. அந்தச் சத்தத்துக்கு மட்டும் என் நித்திரை கலையும். வீதியில் அம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனாலும் விழிக்க மாட்டேன்.

அவள் விறைத்துவிட்டால் முதலில் கைபேசியில் நேரம் பார்ப்பேன். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே மெதுவாக எதையாவது வைப்பேன். கையில் இரும்புச் சாவி திணிப்பதில்லை, பற்களுக்கிடையில் கரண்டி வைப்பதில்லை. கரண்டியால் பல் உடையும், மூச்சு அடைக்கும். ஐந்து நிமிடம் தாண்டினால், கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்னச் சிரிஞ்சை எடுப்பேன். அதில் ஊசி கிடையாது. கன்னத்துக்கும் பல் முரசுக்கும் இடையில் மருந்தைச் சிறிது சிறிதாக விடவேண்டும். மிடசோலம் என்று பெயர். அவளுடைய ஆசிரியைக்கும் அதைக் கொடுக்கப் பழக்கியிருக்கிறார்கள்.

இனி உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று. முதல் வலிப்பு வந்தபோது அவளுக்கு ஐந்து மாதம். அன்று காலையில்தான் தடுப்பூசி போட்டிருந்தோம். அரை மணித்தியாலம் ஒரு கை, ஒரு கால் மட்டும் துடித்தது. "நீதான் ஊசி போடக் கொண்டுபோனாய்" என்று வீட்டில் ஒரு சொல் விழுந்தது. பிறகு எந்த வம்சத்தில் வலிப்பு இருந்தது என்ற விசாரணை. நம் சின்ன மாமாவின் பெயர்கூட இழுபட்டது. இரண்டு வருடம் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டே சமைத்தேன், துவைத்தேன்.

அவளுடைய இரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் ஒரு பிழை. என்னிடமும் அது இல்லை, இவரிடமும் இல்லை. அவள் கருவான நேரத்தில் புதிதாக ஏற்பட்டது. டிராவே பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இப்படித்தானாம். முடிவைச் சொன்ன வைத்தியரிடம் ஊசியைப் பற்றிக் கேட்டேன். தடுப்பூசியால் மூளை கெட்டது என்று நம்பப்பட்ட 14 பேரை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். அவர்களில் 11 பேருக்கு இதே மரபணுவில் பிழை இருந்தது. ஊசியோடு வரும் காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் முன்னே இழுத்திருக்கலாம், நோய் ஊசியால் வந்ததல்ல என்று அந்த வைத்தியர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அந்தத் தாளை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஆராய்ச்சி என்றால் என்ன என்று நீங்கள் கேட்கிறீர்கள் அக்கா. என் தலையிலிருந்து அந்தப் பழியை இறக்கியது ஆராய்ச்சிதான்.

பெயர் தெரிந்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. முதலில் அவளுக்குக் கொடுத்தது கார்பமசபின். எத்தனையோ வலிப்புக்காரரைக் காப்பாற்றும் மருந்துதான், ஆனால் டிராவே பிள்ளைகளுக்கு வலிப்பைக் கூட்டிவிடும். நோயின் பெயர் தெரிந்த வாரமே அதைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கினார்கள்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியாகக் கொடுத்துப் பார்த்தும் வலிப்பு நிற்காவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்கிறார்கள். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அப்படி. 2020 முதல் இவள் குளோபசாம் என்ற வலிப்பு மருந்தோடு கன்னபிடியோல் என்ற எண்ணெய் மருந்தும் குடிக்கிறாள். அது கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது. அம்மா பதற வேண்டாம், போதை தரும் பொருளை நீக்கிவிட்டுத்தான் தருகிறார்கள். வலிப்பு சற்றுத் தணிந்தது, ஆனால் சாப்பாடு குறைந்துவிட்டது. பிட்டும் வாழைப்பழமும் என்றால் ஓடிவந்த பிள்ளை இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுகிறாள்.

ஆகவேதான் புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேர்ந்தோம். 22 பக்கத் தாள் தந்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்தி, ஒவ்வொரு பக்கமாக விளக்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசியுங்கள் என்று அனுப்பினார்கள். காரணம் சொல்லாமல் எந்த நாளிலும் விலகலாம், விலகினால் வழமையான வைத்தியம் ஒரு துளியும் குறையாது என்று எழுதியே இருந்தது. பழைய மருந்துகள் அப்படியே தொடர்கின்றன, அவற்றுக்கு மேலே ஒரு பாணி மருந்து. சில பிள்ளைகளுக்கு உண்மை மருந்து, சிலருக்கு அதே நிறமும் சுவையும் உள்ள வெறும் பாணி. நிலானிக்கு எது என்று எனக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது.

அந்த வெறும் பாணிதான் எனக்கும் முதலில் நெஞ்சில் குத்தியது. "என் பிள்ளைக்குச் சீனித் தண்ணீரா?" என்று ஆய்வு வைத்தியரிடம் கேட்டேன். அவர் கன்னபிடியோலையே உதாரணம் காட்டினார். 2017இல் வெளியான ஆய்வில் டிராவே நோயுள்ள 120 பேர். உண்மை மருந்து குடித்தவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைந்தது. வெறும் பாணி குடித்தவர்களிலும் நூற்றுக்கு 27 பேருக்கு அப்படிக் குறைந்ததாம்! வலிப்பு கடல் போல, தானாக ஏறும், தானாக வற்றும். வற்றுகிற மாதத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்கே பெயர் போகும், நூல் கட்டினாலும் சரி, எண்ணெய் ஓதிப் பூசினாலும் சரி. அந்த 27ஐத் தெரிந்தால்தான் 43இன் பெறுமதி தெரியும். இதைக் கேட்ட பிறகு கையொப்பம் வைத்தேன். எனக்கு முன்னே யாரோ 120 குடும்பங்கள் அப்படிச் சம்மதித்ததால்தான் 2020இல் என் பிள்ளைக்கு அந்த எண்ணெய் கிடைத்தது.

இப்போது என் வேலை ஓர் ஒற்றை றூள் கொப்பி. நாள், நேரம், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம். மருந்து தொடங்கும் முன் 28 நாள் வெறுமனே எண்ணச் சொன்னார்கள். 31 வந்தது. இது ஒன்பதாவது வாரம். கடந்த நான்கு வாரத்தில் 22. மனம் ஆசைப்படுகிறது, நான் அதை அடக்கி வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள், அப்போது மட்டும் உங்கள் குரல்பதிவைப் போட்டுக் காட்டுவேன், பெரியம்மா பாடுகிறாள் என்று சிரிப்பாள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. அடுத்த வளவுப் பொடியனுக்கு மூன்று மாதமாக வலிப்பு வரவில்லை, அதனால் தாய் குளிசையை நிறுத்திவிட்டாள் என்று சொன்னீர்கள். இன்றைக்கே போய்ப் பேசுங்கள். குளிசை வேலை செய்வதால்தான் வலிப்பு வரவில்லை. திடீரென நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் வலிப்புள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நிலானி தேடுகிற புது மருந்து அவனுக்குத் தேவையில்லை. ஊரில் இலவசமாகத் தருகிற பழைய மருந்தே அவனுக்குப் போதும். கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து, நீங்களே கூட்டிப்போங்கள். தனியாகக் கிணற்றடிக்கோ வாவிக்கோ குளிக்க விடவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

நாங்கள் தை மாதம் வர எண்ணியிருக்கிறோம். மாரி மழைக்குப் பிறகு காற்றுக் குளிராக இருக்கும், ஆய்வின் முதல் பகுதியும் முடிந்திருக்கும். அம்மாவின் நேர்த்தியை அப்போது ஒரு விடியற்காலையில், சனம் இல்லாத நேரத்தில் தீர்ப்போம். நடு அறையில் நல்ல மின்விசிறி ஒன்று பூட்டிவையுங்கள், பணம் அனுப்புகிறேன். இன்னொரு உதவி. ஆரையம்பதியில் நம் வீட்டுப் படலையிலிருந்து, கல்லடிப் பாலம் தாண்டி, போதனா வைத்தியசாலை வாசல் வரை ஆட்டோவில் எத்தனை நிமிடம் என்று ஓர் இரவு போய்ப் பார்த்து எழுதுங்கள். பகல் நேரக் கணக்கு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி