அண்ணாச்சிக்கு, அந்த 'ஈஸ்னோபீலியா' பற்றி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். தாராவியில் நம் சந்தில் 'ஈஸ்னோபீலியா' என்ற சொல்லைக் கேள்விப்படாத வீடு கிடையாது. தும்மலுக்கும் அதுதான் பெயர், மழைக்கால இருமலுக்கும் அதுதான். அதனால்தான் ஓராண்டாக அலர்ஜி மாத்திரையும், இடது கால் வீங்கியபோது தைலமும் போதும் என்று ஒரு கிளினிக்கில் சொன்னதை நீங்கள் சந்தேகிக்கவில்லை. டாப்ளர் ஸ்கேனில் காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்த பிறகும், அது வேறு, இது வேறு என்றே நீங்கள் சொல்வதாக மதினி வருத்தப்பட்டார். இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம் என்பதற்காகவே இந்தக் கடிதம். இதே போன்ற ரிப்போர்ட்டை மடித்து வைத்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று, உங்கள் சம்மதத்துடன் பொதுவில் எழுதுகிறேன்.

சென்ற வாரம் உங்கள் ரத்தத் துளிக்கு லீஷ்மன் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் நானே பார்த்தேன். வழக்கமாக ஈசினோபில் என்ற வகை வெள்ளணுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்; அது கூடிப்போவதைத்தான் நம் சந்தில் 'ஈஸ்னோபீலியா' என்கிறார்கள். உங்கள் ஸ்லைடிலோ, மூக்குக்கண்ணாடி போல இரண்டாகப் பிரிந்த உட்கருவும், செம்மஞ்சள் குருணைகளுமாக, ஏறக்குறைய இரண்டுக்கு ஒரு வெள்ளணு அதுவாகவே இருந்தது. ரிப்போர்ட்டில் 48 சதவீதம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது; ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளணுக்கள் 21,000 என்பதால் ஈசினோபில் எண்ணிக்கை 10,080 ஆகிறது. அது 500க்குள் இருக்க வேண்டியது. 1,500க்கு மேல் நீடித்து, உறுப்புகளையும் கெடுக்கத் தொடங்கி, வேறு காரணமும் அகப்படாதபோது, அதை ஹைப்பர் ஈசினோபிலிக் சின்ட்ரோம் என்கிறார்கள். அரிய நோய்தான்.

அந்தக் குருணைகளில் இருப்பவை புழுக்களைக் கொல்வதற்கான புரதங்கள். அவை ரத்தக் குழாய்க்குள்ளேயே கொட்டும்போது உட்சுவர் புண்ணாகிறது, தட்டணுக்கள் தூண்டப்படுகின்றன, ரத்தம் உறையாமல் காக்கும் த்ராம்போமாடுலின் என்ற புரதமும் முடங்கிப்போகிறது. இதயத்தில் இது நிகழ்வதை 1936இல் சுவிஸ் மருத்துவர் லோஃப்லர் விவரித்தார்: முதலில் உட்சுவர் சிதைகிறது, பிறகு அதன்மேல் ரத்தக்கட்டி படிகிறது, கடைசியில் தழும்பாக இறுகுகிறது. அந்தக் கட்டியில் ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். நெஞ்சுவலி இல்லையே என்று எக்கோ எனும் இதய ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் நகத்தடியில் ஈர்க்குச்சியால் கீறியது போன்ற சிவப்புக் கோடுகளைக் கண்டேன். கடையில் சாக்கு இழுத்ததால் வந்தது என்றீர்கள், இருக்கலாம். நுண்குழாய்களில் சிறு உறைவுகள் அடைத்தாலும் அப்படித் தெரியும் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை தொடங்கிவிட்டார்களே, அது போதாதா என்று கேட்டீர்கள். அந்த மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை சரியான அளவில் இருக்கும்போதே மறுபடி உறைவு ஏற்பட்டவர்கள் உண்டு. எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும் என்பார்களே, இங்கே எரிவது அந்தப் பத்தாயிரம் ஈசினோபில்கள். அதைக் குறைக்கப் பெரும்பாலும் முதலில் ஸ்டீராய்டு தருவார்கள். ஆனால் வெறுங்காலில் மண்ணிலிருந்து ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு உடலில் இருந்தால், ஸ்டீராய்டு அதை உடலெங்கும் பரவவிட்டு உயிருக்கே ஆபத்தாக்கிவிடும். விடுமுறைதோறும் ஊரில் வயலில் செருப்பில்லாமல் நிற்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட மரபணு இணைவு காரணமாக இருந்தால், இமாட்டினிப் மாத்திரை நன்றாகக் கேட்கும் என்பது 2003இலேயே தெரிந்தது. இந்த நோய்க்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்ற மெபோலிசுமாப் ஊசியும் இருக்கிறது, விலைதான் மலைப்பு.

அதுவரை வார்ஃபரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது, மூட்டுவலிக்கென்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கவும் கூடாது. வார்ஃபரினுக்காக முருங்கைக்கீரையை விட்டுவிட வேண்டியதில்லை, வாரந்தோறும் ஒரே அளவில் இருந்தால் சரி.

எண்ணிக்கை எப்போதிலிருந்து ஏறியது என்று மருத்துவர் நிச்சயம் கேட்பார். கல்லாப்பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருக்கும் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். வியாழக்கிழமை டியூட்டி முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி