இணையப் படிவத்தின் தெரிவுப் பட்டியல்களில் தோன்றும் பிழைச் செய்தி குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மாணவர் விவரப் படிவத்தை இணையத்தில் நிரப்பும்போது, கீழிறங்கும் பட்டியலில் உரியதைத் தேர்ந்தெடுத்த பிறகும் ‘ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற பிழைச் செய்தி மறையாமல் நிற்பதாகப் பலர் தெரிவித்திருந்தீர்கள். அதன் காரணங்களையும், படிவத்தில் இப்போது செய்யப்பட்டுள்ள திருத்தங்களையும் தெரிவிக்கவே இக்கடிதம்.

பட்டியலில் கண்ணுக்குத் தெரியும் சொல்லும், படிவம் அனுப்பும் மதிப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. ‘ஆறாம் வகுப்பு’ என்று திரையில் தெரிந்தாலும் உள்ளே செல்வது 6 என்ற எண்ணாக மட்டும் இருக்கலாம். ஒரு வரிக்குத் தனி மதிப்பு கொடுக்கப்படாவிட்டால், அந்த வரியின் சொல்லே மதிப்பாக அனுப்பப்படும். உலாவியின் (இணையப் பக்கங்களைத் திறக்கும் செயலியின்) தானியங்கி மொழிபெயர்ப்பை இயக்கியிருந்தவர்களுக்குச் சிக்கல் எழுந்தது இங்கேதான்: திரையில் சொல் மாறியதும் அனுப்பப்பட்ட மதிப்பும் மாறியது, அது அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லாததால் படிவத்தைப் பெறும் கணினியான சர்வர் ஏற்க மறுத்தது. இப்போது ஒவ்வொரு வரிக்கும் மாறாத தனி மதிப்பு கொடுக்கப்பட்டுள்ளது.

வகுப்பைத் தேர்ந்தெடுத்த பிறகே அதற்குரிய பிரிவுகள் அடுத்த பட்டியலில் வரும். பின்னர் வகுப்பை மாற்றினால் பழைய பிரிவு நீங்கி அந்த இடம் வெறுமையாகிவிடும். பிரிவை மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பு பிழைச் செய்தி படிவத்தின் உச்சியில் மட்டும் வந்ததால் எந்தப் பட்டியலில் குறை என்பது விளங்கவில்லை. இனி அது அந்தந்தப் பட்டியலின் கீழேயே தோன்றும். சரியான தேர்வைச் செய்தவுடன் மறைந்துவிடும். விசைப்பலகையைப் பயன்படுத்துவோர் மட்டும் சற்றுக் கவனிக்கவும்: தேர்வு முடிந்ததும் பக்கத்தை நகர்த்த அம்புக்குறி விசையை அழுத்தினால், பக்கம் நகராமல் தேர்வு அடுத்த வரிக்கு மாறிவிடக்கூடும்.

எனக்குப் பெருங்கவலை தருவது வேறொன்று. பிழைச் செய்தி போனால் போதும் என்று பட்டியலில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடாதீர்கள். ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா, அது பட்டியலில் உள்ளதுதானா என்பதை மட்டுமே கணினியால் சரிபார்க்க முடியும். அது உங்கள் பிள்ளைக்குரிய உண்மையான விவரமா என்பதை அதனால் அறிய இயலாது. இரத்தப் பிரிவு, ஒவ்வாமை போன்ற விவரங்களில் வெற்றிடத்தைவிடத் தவறான தேர்வே அதிக ஆபத்தானது, ஏனெனில் வெற்றிடத்தைக் கண்டால் உங்களைக் கேட்போம், நிரப்பியிருந்தால் நம்பிவிடுவோம். ஆகவே அந்தப் பட்டியல்களில் ‘தெரியாது’ என்ற வரியையும் சேர்த்துள்ளோம். தயங்காமல் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஏற்கெனவே படிவத்தை அனுப்பியவர்கள் ஒருமுறை திறந்து, ஒவ்வொரு பட்டியலிலும் பதிவாகியிருப்பது சரிதானா என்று பார்த்து, தேவையெனில் திருத்திச் சேமிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகும் பிழைச் செய்தி வந்தால், எந்தப் பட்டியலில் வருகிறது என்பதையும் செய்தியின் வாசகத்தையும் குறித்து வகுப்பாசிரியரிடம் அனுப்புங்கள். இணையத்தில் நிரப்ப இயலாதவர்கள் அச்சிட்ட படிவத்தை அவரிடமே பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்