அக்கா, அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தின் லிங்கை உங்கள் மகளுக்கு அனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் மீன் விற்றுவிட்டு வந்து அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நீங்கள் உட்காரும் நேரத்தில் அவளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நேரில் சொல்லாமல் விட்ட ஒரு மன்னிப்பு இதில் இருக்கிறது. ஊரறிய எழுதுவதற்குக் காரணம், உங்கள் ஊர் மாதிரி ஊர்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான்.

2020 ஏப்ரல் மாதம். புதுச்சேரியில் ஹாஸ்டலை மூடிவிட்டார்கள், நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டில் இருந்தேன். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பணம் திரட்டி, அனுமதி வாங்கி, முதுநகர் துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கும் உங்கள் ஊருக்கு அரிசி பருப்போடு வந்தோம். எல்லாம் பிளாஸ்டிக் கவரில். கபசுரக் குடிநீர்கூட தூக்கிப் போடும் கப்பில்தான். 2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது, அதை ஆதரித்து சில்வர் பீச்சில் குப்பை பொறுக்கியவர்கள் நாங்கள்தான்.

மூன்றாவது நாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டைக் கொடுத்தீர்கள். கவர்கள். கழுவி, காயவைத்து, மடித்து, பறக்காமல் மேலே கல் வைத்திருந்தீர்கள். நான் எண்ணிப் பார்த்தேன், 43 இருந்தது.

"அரிசி குடுத்தீங்க, சந்தோசம் பாப்பா. இத நாங்க இன்னா பண்றது? காத்தடிச்சா வலையிலதான் வந்து நிக்கும்."

அன்றைக்கு நான் சரிக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. அடுத்த வாரத்திலிருந்து படி வைத்து உங்கள் பாத்திரத்திலேயே அளந்து போட்டோம். குடிநீரையும் அவரவர் டம்ளரில் ஊற்றினோம். அதைவிட உங்களுக்கு உதவியாக இருந்தது வேறு ஒன்று என்று பிறகுதான் புரிந்தது. பஸ் ஓடாததால் கூடையோடு டவுனுக்கு வர வழியில்லை என்று சொன்னீர்கள் இல்லையா, பைபர் படகுகள் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்ததும் எங்கள் தெருவில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, உங்களிடம் மீன் வாங்கி வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தோமே, அதுதான். அந்த வருஷம் விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்தார்கள். ஆனால் பஸ் இல்லாமல் கூடைக்காரப் பெண்கள் பட்ட பாட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அப்புறம் அந்த வரைவு விஷயம்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை, 2020. ஆலையோ துறைமுகமோ வருவதற்கு முன் ஊருக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து, மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது 2006 அறிவிக்கை. அதை மாற்ற ஊரடங்கு நேரத்தில், ஏப்ரல் 11 அன்று, அரசிதழில் வரைவு வந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்கச் சொல்லி, கருத்துச் சொல்லும் அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. எங்கள் கைக்கு வந்தது தன்னார்வலர்கள் செய்த தமிழாக்கம். அதை எடுத்துக்கொண்டு ஜூலையில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். நெத்திலி காயப்போட்டிருந்தீர்கள். நான் தள்ளி உட்கார்ந்து, மாஸ்க் போட்டபடி சத்தமாகப் படித்தேன்.

பொதுமக்கள் கருத்துச் சொல்வதற்கான நாட்கள் 30-லிருந்து 20 ஆகக் குறையும் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னீர்கள். அனுமதி வாங்காமல் தொடங்கிய திட்டத்துக்கு அபராதம் கட்டிப் பின்னால் அனுமதி வாங்கலாம் என்ற பகுதியை இரண்டு தடவை படிக்கச் சொன்னீர்கள். பிறகு, கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, நீங்கள் பிறந்த ஊரான நல்லவாட்டில் 2004 டிசம்பர் 26 அன்று நடந்ததைச் சொன்னீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு போன் செய்ததையும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்தில் இருந்த ஒலிபெருக்கியில் அதை ஊருக்கே அறிவித்ததையும், ஜனங்கள் ஓடித் தப்பித்ததையும்.

"சொன்னது தமிழ்ல. தண்ணி வர்றதுக்கு முன்னாடி. அதான் பொழச்சாங்க. இத மட்டும் ஏன் எங்களுக்குப் புரியாத மாதிரி போடுறாங்க?"

நான் நோட்டை எடுத்து மனு எழுத ஆரம்பித்தேன். வாழ்வாதாரம், சூழலியல் பேரழிவு என்றெல்லாம் எழுதி உங்களுக்குப் படித்துக் காட்டினேன். "இது நான் சொன்னது இல்லையே" என்றீர்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, நீங்கள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். இதோ:

"கடலுக்குப் போனவங்க கரைக்கு வந்து, பஞ்சாயத்து கூடி, படிச்சவங்களப் புடிச்சு வெவரம் கேக்கவே மாசம் ஆயிடும். 20 நாளு பத்தாது. கட்டி முடிச்சிட்டு வந்து கேக்கறதுக்குப் பேரு கேக்கறது இல்ல. தமிழ்ல போடுங்க, கொரோனா போனப்புறம் கூட்டம் போடுங்க."

17 பெண்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் பேனா ரீஃபிலைக் கட்டைவிரலில் தேய்த்து ரேகை வைத்தார்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு டெல்லிக்கு மெயில் அனுப்பினேன். நாடு முழுக்க லட்சக்கணக்கில் போன கடிதங்களில் அதுவும் ஒன்று. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவே இல்லை. அதற்கு உங்கள் கடிதம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு பல மாற்றங்களைச் சின்னச் சின்ன உத்தரவுகளாகப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், அவற்றையும் யாராவது வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

தொண்டு செய்ய வரும் தம்பி தங்கைகள் என்னிடம் என்ன கொண்டுபோகலாம் என்று கேட்கும்போது, இரண்டு மணி நேரமும் ஒரு நோட்டும் கொண்டுபோங்கள் என்கிறேன். அந்த ஊர்ப் பெண்கள் சொல்வதைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறேன்.

போன மாதம் போனில் கேட்டீர்களே, கடலோர வரைபடத்தில் வலை காயப்போடும் இடம் இருக்கிறதா என்று. மீனவர் வீடு, மீன் உலர்த்தும் இடம், படகுத்துறை எல்லாம் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும் என்று 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே இருக்கிறது. உங்கள் ஊர்ப் பகுதியைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிறேன். சேர்ந்து பார்க்கலாம். விட்டுப்போன இடத்தை நீங்கள் காட்டுங்கள், நான் சிவப்புப் பேனாவில் குறிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் வந்தால் சரியாக இருக்குமா? மகளை ஒரு வார்த்தை அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்துப் பாப்பா